பார்த்ததை எழுதினால் சிவப்பு மையா?

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் ஒரு பக்கத்தை நேற்று படமாகப் போட்டிருந்தேன், அதற்கு வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில். எழுதியது என் அக்கா மகள். உப்பில் அமிலம் ஊற்றி வந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தியபோது 'பால் போல் மாறியது, பிறகு தெளிந்துவிட்டது' என்று 'காண்பன' கட்டத்தில் எழுதியிருந்தாள். 'பிறகு தெளிந்துவிட்டது' மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில், 'கைடைப் பார்த்து எழுது'.

பிள்ளை பார்த்தது சரி. கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பு நீரில் போனால் கரையாத கால்சியம் கார்பனேட் உண்டாகி நீர் வெளுக்கும். வாயு மேலும் போய்க்கொண்டே இருந்தால் அந்தக் கார்பனேட் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறி நீர் தெளிந்துவிடும். இவள் குழாயை எடுக்க மறந்து நின்றிருக்கிறாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. அதற்கா இந்தத் தண்டனை?

காண்பன என்றால் கண்டது. அறிவன என்றால் கண்டதை வைத்து அறிந்துகொண்டது. நடுவில் கோடு போட்டுத்தானே கட்டமே பிரிக்கிறோம்! அந்தக் கோடு எதற்கு என்று யாராவது பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா? நீர் வெளுத்ததும் 'கார்பனேட் உள்ளது' என்று காண்பனவிலேயே எழுதும் பிள்ளைக்கு டிக் விழுகிறது. கார்பனேட்டை அவன் கண்ணால் பார்க்கவில்லை. சல்பைட் உப்பில் அமிலம் ஊற்றினால் வரும் சல்பர் டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரை வெளுக்கத்தான் செய்யும். எரியும் கந்தகத்தின் நெடி மூக்கில் ஏறியதா என்று கவனித்தவனால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும்.

இது வெளியிலிருந்து வந்த பாடமும் இல்லை. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, நம் சைவ சித்தாந்தம் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. புகையைப் பார்ப்பது காண்டல். அங்கே நெருப்பு இருக்கும் என்பது கருதல். பெரியவர்கள் சொன்னதை ஏற்பது உரை. கைடு என்பது உரை. அந்த உரையைக் கொண்டுபோய்க் காண்டல் கட்டத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள். சாயம் எதுவும் போடவில்லை. செங்கல் அடுக்கிய மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அதையே வரைந்தேன். "நியூக்ளியஸ் எங்கல?" என்று நோட்டு முகத்தில் வந்து விழுந்தது. தெரியலை சார் என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று ராத்திரி பக்கத்து வீட்டு அண்ணன் நோட்டைப் பார்த்து, கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்து வரைந்து கொடுத்தேன். பத்துக்குப் பத்து. என் கண்ணை நானே நம்பக் கூடாது என்று அன்று படித்துக்கொண்டேன். அதை மறக்க எத்தனையோ வருடம் ஆனது.

"ஒரு லேபில் ஐம்பது பிள்ளைகள், ஒவ்வொருத்தர் பார்த்ததையும் சரிபார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெருக்கல் குறி போட நேரம் இருந்ததே. "என்னம்மா பார்த்தே?" என்று கேட்க அதே நேரம் போதும்.

"பொதுத்தேர்வில் மார்க் போனால் நீங்களா தருவீர்கள்?" என்று இன்னொரு கேள்வி. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. பிள்ளையைப் பொய் எழுதப் பழக்கி வாங்கும் மார்க் எனக்கு வேண்டாம்.

'ஆசிரியர்களைக் கேவலப்படுத்துகிறாய்' என்று ஒருவர் எழுதியதுதான் ரொம்ப வலித்தது. என் அப்பா முப்பது வருடம் சாக்பீஸ் தூசியில் நின்றவர். நான் யாரைக் கேவலப்படுத்துவேன்?

கண்டதையும் கருதியதையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் பக்கம் வந்த 2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அது மழைமானியில் அளந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அது கண்ணால் பார்த்தது. அந்த ராத்திரியில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு வந்தது, 'அணை உடைஞ்சிட்டு, எல்லாரும் ஓடுங்க' என்று. எந்த அணையும் உடையவில்லை. தண்ணீர் ஏறுவதைப் பார்த்த யாரோ, தான் நினைத்ததைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு ஆச்சி இருட்டில் படியிறங்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இன்றும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அந்தக் குரலுக்கு உரியவரும் பள்ளியில் இதே இரண்டு கட்டங்களை நிரப்பித்தான் வந்திருப்பார். நடுக்கோட்டைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அக்கா மகள் போனில் கேட்டது ஒன்றுதான்: "மாமா, அப்போ நான் பார்த்தது தப்பா?"

வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சமையல் சோடாவும் வினிகரும் வாயுவுக்குப் போதும். குழாயை இந்த முறை வேண்டுமென்றே எடுக்கப் போவதில்லை. கைடைக் கொண்டு வராதே என்று சொல்லிவிட்டேன்.