எல்லாமே துப்பாக்கிச் சத்தம்தானா?
இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க வானொலியின் குற்ற நாடகங்கள் என்றாலே அலறலும் துப்பாக்கிச் சூடும்தான் என்று, அவற்றைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. 1949-இல் என்பிசி என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கிய 'டிராக்நெட்' என்ற போலீஸ் தொடர் அப்படியே நேர் எதிர். ஜாக் வெப் நடித்த சார்ஜென்ட் ஜோ ஃபிரைடே கிழமை, தேதி, அன்றைய வானிலை, எந்தப் பிரிவில் டியூட்டி என்று ரேஷன் கடைக் கணக்கு வாசிப்பதுபோல ஆரம்பிப்பார், அப்புறம் பாதி நேரம் கதவைத் தட்டி விசாரிப்பதும் ஃபோனுக்குக் காத்திருப்பதும்தான், கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். கதைகள் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் வழக்குகளிலிருந்து, பெயர்களை மாற்றி எடுத்தவை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அத்தியாயத்தைக் கேட்டுப் பாருங்கள். காணாமல் போன சிறுவர்கள், பரிசுக்காக வாங்கி வைத்த ஒரு பாயிண்ட் 22 ரைஃபிள் (சின்னத் தோட்டா போடும் துப்பாக்கி), அவ்வளவுதான். வில்லனே கிடையாது, மனசு கனத்துப் போகும்.

சரி, குறையும் உண்டு. போலீஸ் ஒத்துழைப்போடு தயாரித்ததால் போலீஸ் தரப்புத் தப்புகள் அதில் பெரிதாக வராது. கட்டுரையில் இன்னொன்று, டிவி வந்ததும் இந்த வானொலி நாடகங்களெல்லாம் உடனே ஓய்ந்துவிட்டன என்று சொல்வதும் சரியில்லை: டிராக்நெட் 1951 கடைசியில் டிவிக்குப் போன பிறகும் சில வருஷம் வானொலியில் வந்துகொண்டுதான் இருந்தது.