நீதிபதி ஆலன் பேஜ் தெரியும், ஆட்டக்காரர் ஆலன் பேஜ்?

ஆலன் பேஜ் பெயரை எடுத்தாலே எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து ஆடிக்கொண்டே சட்டம் படித்தார், 1993 முதல் 2015 வரை அமெரிக்காவின் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார், அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். பெரிய வாழ்க்கைதான். ஆனால் களத்தில் அவர் செய்ததெல்லாம் இந்தக் கதைக்கு ஒரு முன்னுரையாகச் சுருங்கிப்போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் ஆடியது டிஃபென்சிவ் டேக்கிள். தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் ஆள். கேமரா பந்தின் பின்னால் போய்விடும், இங்கே நடக்கும் தள்ளுமுள்ளு பலர் கண்ணில் படாது. மலை மாதிரி நின்று ஓடிவருபவரை மறித்தால் போதும் என்று கருதப்பட்ட இடம். பேஜ் நிற்கவே இல்லை. பந்து அசைந்ததும் பாய்வார். எதிரே இருப்பவர் கை வைப்பதற்குள் இடுக்கில் புகுந்து, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் போய்விடுவார். 1971இல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக நடுவர்கள் அடுத்தடுத்து அவர்மேல் தண்டனை விதித்தார்கள். அந்தக் கோபத்தில் அவர் ஆடிய ஆட்டத்தின் படத்துண்டு கிடைத்தால் பாருங்கள். தடுக்க ஆளே இல்லாத மாதிரி இருக்கும். அந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். தற்காப்பு வீரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. பிறகு 1986இல் லாரன்ஸ் டெய்லர் வாங்கினார். அவ்வளவுதான், வேறு யாரும் இல்லை!

இப்போது அதிகாரபூர்வப் பதிவைப் புரட்டினால் பேஜ் பெயரில் ஒரு 'சாக்' (sack) கூட இருக்காது. பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவதுதான் சாக். அதை லீக் 1982இல்தான் எண்ணத் தொடங்கியது. அவர் 1981 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார். பழைய ஆட்டங்களை அலசியவர்கள் ஏறக்குறைய 148 என்கிறார்கள். எண்களை மட்டும் வைத்து "யார் பெரியவர்" என்று சண்டை போடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அவருடைய அணியான மினசோட்டா வைக்கிங்ஸோடு நான்கு சூப்பர் பௌல், அதாவது லீக்கின் இறுதிப்போட்டி, நான்கிலும் தோல்வி என்பார்கள். 1975 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன் ஆடியதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி முடிவில் பிட்ஸ்பர்க் எடுத்திருந்தது வெறும் 2 புள்ளி. ஆட்டம் முழுக்க வைக்கிங்ஸின் தாக்குதல் வரிசை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த 6 புள்ளியும் எதிரணி உதைத்த பந்தைத் தடுத்ததால் வந்தவை. இந்தத் தோல்வியைப் பேஜ் தலையில் எப்படிக் கட்டுவது?

எனக்கு ஆறாத விஷயம் 1978தான். நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் இறங்கி எடை குறைந்திருந்தார். இந்த எடைக்கு இந்த இடத்தில் ஆட முடியாது என்று வைக்கிங்ஸ் சீசன் நடுவிலேயே கழற்றிவிட்டது. சிகாகோ பேர்ஸ் 100 டாலர் கட்டி எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்டவரை, 100 டாலருக்கு! அங்கே மூன்று சீசனுக்கு மேல் ஒரு போட்டியும் தவறாமல் ஆடினார், அதே குறைந்த எடையோடு, அதே வேகத்தோடு. முடிக்கும்போது தொடர்ச்சியாக 218 போட்டிகள்.