மச்சான் கேள்விப்படாத யுகுலேலே

(மலேசியாவில் சுங்கை சிப்புட் கடைத்தெரு. இசைக்கருவிக் கடையில் ஒரு பெரியவரும் விற்பனைப் பெண்ணும். பெரியவர் கையில் பேத்திக்காகப் பார்க்கும் யுகுலேலே, கிட்டார் போன்ற சிறிய நான்கு நரம்புக் கருவி.)

பெரியவர்: பிராண்டு சரியில்லை அம்மா. கோலாலம்பூரில் இருக்கும் என் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். இப்படி ஒரு பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

பெண்: அவர் யுகுலேலே வாசிப்பாரா, ஐயா?

பெரியவர்: இல்லை. காப்புறுதி விற்கிறார்.

பெண்: பெயர் தலையில்தான் ஒட்டியிருக்கிறது. ஒலி வயிற்றிலிருந்து வருகிறது. இந்த ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிகிறதா? ஒட்டுப்பலகை.

பெரியவர்: ஏமாற்று வேலை!

பெண்: முழுப்பலகை என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. 150 வெள்ளிக்கு இதுதான் வரும். முழுப்பலகையின் ஒலி இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு உப்பும், குளிர்சாதன அறைக்குப் போனால் சுருங்கும். பேத்தி இதை எங்கே வைப்பாள்?

பெரியவர்: அவள் பாட்டி பிடுங்கி அலமாரி மேல் வைப்பாள். தீபாவளிக்கு எடுப்பாள்.

பெண்: ஒட்டுப்பலகையே போதும்.

பெரியவர் (மீட்டிப் பார்த்து): பார்த்தாயா! பழுது. மேல் நரம்பு கனத்த ஒலி அல்லவா தர வேண்டும்? இது கீச்சென்கிறது. கோயில் பஜனையில் எத்தனை கிட்டார் பார்த்திருக்கிறேன்!

பெண்: கிட்டாரில் அப்படி. இதில் ஜி, சி, இ, ஏ என்று நான்கு நரம்பு. மேலே இருக்கும் ஜி, அடுத்த சி-யை விட உயர்ந்த சுருதியில்தான் நிற்கும். வழக்கமே அதுதான்.

பெரியவர்: எதற்கும் மச்சானை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

பெண்: கேளுங்கள். அந்த நரம்பையும் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். வெறும் நரம்பை மீட்டுங்கள். இனி கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில், அதுதான் மெட்டு, 12ஆவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். கைப்பேசியில் சுருதி காட்டும் டியூனர் வைத்திருக்கிறேன், முள்ளைப் பாருங்கள்.

பெரியவர்: மூன்றாவது நரம்பில் முள் தள்ளி நிற்கிறதே.

பெண்: அப்படியானால் இது வேண்டாம். அடுத்த பெட்டியைப் பிரிக்கிறேன்.

பெரியவர்: அதுவும் இதே பிராண்டுதானே?

பெண்: மலிவுப் பொருளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். ம்... இதில் நான்கும் சரி. மெட்டுகளின் ஓரத்தில் விரலை இழுங்கள். கீறுகிறதா?

பெரியவர்: இல்லை. மச்சான் பதில் போட்டுவிட்டார்! யமஹா வாங்கச் சொல்கிறார். அவருடைய யமஹா மோட்டார் சைக்கிள் இதுவரை பழுதானதே இல்லையாம்.

பெண்: அவரிடம் சொல்லுங்கள், இதற்கு எண்ணெய் மாற்றும் செலவுகூட இல்லை.

பெரியவர்: கேலி செய்யாதே அம்மா. நாலு பேருக்குத் தெரிந்த பெயர் என்றால் ஒரு நம்பிக்கை.

பெண்: 1879இல் போர்ச்சுகலின் மதெய்ராத் தீவிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றி வந்த ஒரு கப்பலில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள். யுகுலேலே அவர்கள் கையில் பிறந்ததுதான். அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியவர்: தோட்டத்துக்கு வந்த ஆட்களா?

பெண்: நம் தாத்தாக்களைப் போல. உங்கள் அப்பா வெட்டிய ரப்பர் பாலில் செய்த டயரில் யார் பெயர் இருந்தது, ஐயா?

பெரியவர்: வெள்ளைக்காரன் பெயர்.

பெண்: அந்தப் பெயரைப் பார்த்து வாங்கியவர்களும் உங்கள் மச்சான் மாதிரி ஆட்கள்தான்.

பெரியவர்: ...130 வெள்ளிக்குக் கொடு.

பெண்: 145. பை இலவசம். புது நரம்பு, சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பழுது என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

பெரியவர்: அதெல்லாம் சரி. மச்சான் வந்து பார்த்தால் என்ன சொல்வது?

பெண்: தலையில் இருக்கும் பெயரை வேண்டுமானால் சுரண்டிவிடவா?

பெரியவர்: ஐயோ, சுரண்டாதே அம்மா! பிறகு பெயரே இல்லாததை வாங்கினேன் என்பார்.