செஸ் எஞ்சினைச் சோதிக்கப் பலகை எதற்கு?

"லினக்ஸில் ஃபிரிட்ஸ் மாதிரி ஏதாவது இருக்கிறதா?" செஸ் ஆடும் நிரலான எஞ்சின் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான். ஃபிரிட்ஸ் என்பது பலகையும் எஞ்சினும் சேர்ந்த செஸ் மென்பொருள், விண்டோஸ்காரர்களுக்கானது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஓட்டட்டும். ஆனால் எஞ்சினைச் சோதிக்கிற வேலைக்கு "ஃபிரிட்ஸ் மாதிரி" என்று தேடுவதே தப்பான இடத்தில் தொடங்குவது என்பது என் கட்சி.

நான் பொழுதுபோக்காக ஒரு சின்ன எஞ்சின் எழுதி வருகிறேன். உலகத்தை வெல்கிற எஞ்சின் ஒன்றும் இல்லை. நிரலில் ஒரு வரியை மாற்றினால், மாற்றியது பழையதைவிட நன்றாக ஆடுகிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை ராத்திரி புதியதையும் பழையதையும் மோதவிட்டு 100 ஆட்டம் ஓட விட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் புதியதுக்கு 61 புள்ளி! காபிகூடக் குடிக்காமல் நண்பனுக்கு போன் போட்டு அலட்டிக்கொண்டேன்.

மத்தியானம் சும்மா ஆட்டங்கள் பதிவாகும் பிஜிஎன் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பழைய பதிப்பு ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு ஜெயிக்கிற நிலையில் தோற்றிருக்கிறது. காரணம் "டைம் ஃபர்ஃபீட்", அதாவது நேரம் தீர்ந்து தோல்வி. அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. நான்கு கோர் உள்ள லேப்டாப்பில் ஒரே நேரத்தில் எட்டு ஆட்டம் ஓட்டியிருக்கிறேன். சிபியு கிடைக்காமல் இரண்டுமே திணறியிருக்கின்றன. புதிய பதிப்பில் நேரக் கணக்கை எதற்கோ கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்ததால் அது மட்டும் தப்பித்துவிட்டது. ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் என்று குறைத்து மறுபடி ஓட்டினேன். 49.

முதல் பத்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் இந்த அசிங்கம் நடந்திருக்காது. அதனால் திரையில் ஆட்டத்தைக் காட்டும் பலகையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் பத்து இருபது ஆட்டத்துக்குப் பலகை வேண்டும். அப்புறம் அதை மூடிவிட வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் எது தோதுப்படும் என்று பார்த்துத்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காய்கள் மர நிறமா மார்பிள் நிறமா என்று பார்த்து அல்ல.

நான் வந்து நின்ற இடம் க்யூட் செஸ் என்ற மென்பொருள். பார்க்க ஒன்றும் அழகில்லை, சர்க்கார் ஆபீஸ் படிவம் மாதிரி இருக்கும். ஆனால் எஞ்சினுக்கும் அதற்கும் நடக்கிற பேச்சுவார்த்தை முழுவதையும் ஒரு ஜன்னலில் அப்படியே காட்டும். எஞ்சினும் பலகையும் பேசிக்கொள்ளும் யூசிஐ நெறிமுறை என்பதே வெறும் எழுத்துப் பரிமாற்றம்தான். இந்தப் பக்கம் "தயாரா?" என்று கேட்கும், அந்தப் பக்கம் "தயார்" என்று பதில் வர வேண்டும். என் எஞ்சின் ஒரு தடவை பதிலை வெளியே அனுப்பாமல் பஃபரிலேயே (தற்காலிக நினைவகத்திலேயே) வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. அந்த ஜன்னல் இல்லாவிட்டால் ஒரு வாரம் மண்டையைப் பிய்த்திருப்பேன். யூசிஐ, எக்ஸ்போர்டு (XBoard) என்று இரண்டு நெறிமுறையும் அதற்குத் தெரியும் என்பதால் பழைய எஞ்சின்களையும் எதிரியாக நிறுத்தலாம்.

மற்றவையெல்லாம் மோசம் என்று நினைக்க வேண்டாம், அவற்றின் வேலை வேறு. நிப்ளர் லீலா என்ற எஞ்சினை வைத்து அலச அருமை. 'என் க்ரோய்சான்' (En Croissant) பார்க்க லட்சணம், ஆட்டங்களைச் சேர்த்து வைத்து ஆராய நல்லது. பைசெஸ் உட்கார்ந்து விளையாட. ஸ்கிட் விஎஸ் பிசியில் எஞ்சின்களுக்குப் போட்டி வைக்கிற வசதியே உண்டு, ஆனாலும் அது அடிப்படையில் ஆட்டக் களஞ்சியம். அதே பெயரிலுள்ள எக்ஸ்போர்டு மென்பொருள் பழைய பெரியவர். சீன சதுரங்கம், ஷோகி என்று போகிறவர்கள் அவரிடம் போகலாம். அரீனாவுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு, ஆனால் மூலநிரல் திறந்ததில்லை. எனக்கு அது ஒரு உறுத்தல், உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம்.

எதைப் போட்டாலும் முதல் நாள் இரண்டு இடத்தில் கால் தடுக்கும். இறக்கிய எஞ்சின் கோப்புக்கு இயக்க அனுமதி கொடுக்காமல் "எஞ்சின் வரவில்லை" என்று மென்பொருளைத் திட்டுவது ஒன்று. ஏவிஎக்ஸ்2 என்ற புதிய கட்டளைத் தொகுதி இல்லாத பழைய சிபியுவில் ஏவிஎக்ஸ்2 பதிப்பை ஓட்டப் பார்த்து, அது செத்து விழுவது இன்னொன்று. முதலில் டெர்மினலில் எஞ்சினைத் தனியாக ஓட்டி, uci என்று தட்டுங்கள். பதில் வந்தால் சரி, வராவிட்டால் பலகையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி பலகையை மூடுகிற கதை. 100 ஆட்டம் என்பது ஒன்றுமே இல்லை. பாதி ஆட்டம் டிராவானால்கூட, 100 ஆட்டத்தில் வருகிற முடிவு ஏறக்குறைய 50 எலோ (ஆட்டத் திறனை அளக்கும் புள்ளி) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுமாறும். 5 எலோ முன்னேற்றத்தைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கில் ஆட வேண்டும். அத்தனையையும் பலகையில் காய் நகர்த்திக் காட்டி யார் பார்ப்பது? க்யூட் செஸ்ஸோடு கூடவே டெர்மினலில் ஓடும் பதிப்பும் வருகிறது. நான் அதிலேயே நின்றுவிட்டதற்கு உண்மையான காரணம் இதுதான். ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல எஞ்சினின் ஒவ்வொரு மாற்றத்தையும் 2013 முதல் சோதித்து வரும் ஃபிஷ்டெஸ்ட்டில் தன்னார்வலர்களின் கணினிகளில் பல வருடம் ஓடியது அந்த டெர்மினல் பதிப்புதான். இப்போது அங்கே ஃபாஸ்ட்செஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு மாறிவிட்டார்கள். அதற்கும் பலகை கிடையாது.

ஆட்டத்துக்கு 10 விநாடி, நகர்த்தலுக்கு 0.1 விநாடி கூடுதல் என்று வைத்தால் ஓர் ஆட்டம் சுமார் அரை நிமிடம். மூன்று மூன்றாக ஓட்டினால் 1,000 ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள். ஒவ்வொரு ஓப்பனிங்கையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆட வைக்க மறக்காதீர்கள். எஸ்பிஆர்டி என்ற புள்ளியியல் சோதனையைப் போட்டுவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். முன்னால் இருக்கும்போது நிறுத்திவிடும் நம் புத்திக்கு அங்கே வேலையில்லை.

இதை எழுதும்போது பின்னால் ஒரு சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் 2,340. எஸ்பிஆர்டி முடிவெடுக்கப் பார்க்கும் அளவான எல்எல்ஆர் 1.7-இல் நிற்கிறது. 2.94 வந்தால் மாற்றம் பாஸ். நேற்றும் இப்படித்தான் 2.1 வரை ஏறிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக மைனஸுக்கு இறங்கியது. இந்தத் தடவை யாருக்கும் போன் போடவில்லை.