தட்டு காலியானால் போதுமா?

செல்போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும் நேரத்தில் ஒரு உருண்டையை உள்ளே தள்ளுவது இன்று பல வீடுகளில் தினமும் நடக்கிறது. தட்டு காலி, அம்மாவுக்கும் நிம்மதி. ஆனால் எப்போது வயிறு நிறைந்தது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. எனக்கு இது பெரிய கவலையாக இருக்கிறது.

பசி, தாகம், சிறுநீர் முட்டுவது, நெஞ்சு படபடப்பது என்று உடம்புக்குள் நடப்பதை உணரும் திறனுக்கு இன்டரோசெப்ஷன் என்று பெயர். மூளையில் இன்சுலா என்ற பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. உணர்ச்சிகளை உணர்வதிலும் அதே பகுதி ஈடுபடுகிறது. கோபத்தில் முகம் சூடாவதையும் பயத்தில் வயிற்றைப் பிசைவதையும் கவனிக்கப் பழகிய பிள்ளை, கை ஓங்குவதற்கு முன்பே 'எனக்குக் கோபமா வருது' என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. தன் மனதைப் படிக்கத் தெரிந்தால்தானே பக்கத்தில் அழும் பிள்ளையின் மனதும் புரியும்?

நாம் என்ன செய்கிறோம்? 'பசிக்கலைம்மா' என்றால் 'அதெல்லாம் பசிக்கும், சாப்பிடு'. விழுந்து அழுதால் 'ஒண்ணுமில்ல, வலிக்கல'. பயமாயிருக்கு என்றால் 'ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா?' எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். ஆனாலும் தன் உடம்பு சொல்வதை நம்பக்கூடாது என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் லீன் பர்ச் குழுவினர் 1987-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில சிறு பிள்ளைகளுக்குப் பசியையும் நிறைவையும் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, தட்டில் இருப்பதை முடித்தால் பரிசு. முதல் குழு, முன்பு சாப்பிட்டதன் சத்துக்கு ஏற்ப அடுத்த உணவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டது. பரிசுக்காகச் சாப்பிட்டவர்களிடம் அது இல்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023 வழிகாட்டுதலில், 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கு அவர்கள் காட்டும் குறிப்பறிந்து ஊட்டச் சொல்கிறது.

'விட்டா இளைச்சிடுவான்' என்பார்கள். எடை நிஜமாகவே ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி வாயை மூடித் தலையைத் திருப்பினால் நிறுத்துங்கள், அடுத்த வேளை சாப்பிடும்.

அப்புறம் இந்த 'மாமாவுக்கு ஒரு முத்தம் குடு'. பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லித் தருகிறார்கள். வீட்டிலோ, நெளிந்து பின்வாங்கும் குழந்தையைப் பிடித்து மடியில் உட்கார வைக்கிறோம். பிடிக்கவில்லை என்று உடம்பு சொல்லும்போதே அடக்கிவிட்டால், நாளைக்கு நிஜ ஆபத்தில் அது எப்படி வாய் திறக்கும்? வணக்கம் சொன்னால் போதும். உறவினர் முகம் சுளித்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம், குழந்தை அல்ல.