வலைக்கண் அளவு எங்கே?

வெப்பமண்டலக் கரையோரக் கடல் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, கன மீட்டர் நீருக்கு இத்தனை விலங்கு மிதவையுயிரிகள் (நீரோட்டத்தோடு மிதக்கும் விலங்குகள், பெரும்பாலும் மிகச் சிறியவை) என்று சொல்கிறது. எந்த அளவு வலைக்கண்ணில், அதாவது வலைத் துளையில், பிடித்தது என்று சொல்லவில்லை. வெப்பமண்டலக் கரையோரத்தில் இது பெரிய குறை. 330 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வலையில் கோப்பிபோடு என்ற நுண் ஓட்டுடலிகளில் சிறியவையும், நாப்ளியஸ் என்ற அவற்றின் இளம் பருவங்களும் நழுவிவிடும். பல மீன் குஞ்சுகளுக்கு முதல் இரையே அவைதான்! 200 மைக்ரான் பொது ஒப்பீட்டுக்குப் போதும். நாப்ளியஸுக்கு 64 மைக்ரான் வேண்டும். ஆனால் டயாட்டம் என்ற நுண்பாசி பெருகும் காலத்தில் சிறுகண் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், நீர் உள்ளே போகாமல் வலையின் வாயிலேயே விலகும். அப்போது வாய்ப்பரப்பை இழுத்த தூரத்தால் பெருக்கினால் நீரின் அளவு கூடுதலாகவும் உயிரிகளின் அடர்த்தி குறைவாகவும் வரும். வாய்க்குள், நுழையும் நீரை அளக்கும் ஓட்டமானி கட்டி, இழுப்பைச் சில நிமிடங்களில் முடிக்க வேண்டும். பகலா இரவா என்பதும் அவசியம். பல இனங்கள் இருட்டிய பிறகே மேலே வரும்.