ஆர்மோனியக்காரரையும் பேசவையுங்கள்
உங்கள் இதழில் வந்த ரசிகர்களுடனான உரையாடலில், நாடகத்தில் பாட்டு முக்கியமா, நடிப்பு முக்கியமா என்று ரசிகர்கள் கேட்டதற்கு, இரண்டையும் பிரிக்க இயலாது என்று ராஜபார்ட் (கதாநாயக வேட) நடிகர் கூறியிருப்பது முற்றிலும் சரி. கலைஞர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் இசை நாடகமான ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் கலைஞர்கள் பெரும்பாலும் ஒத்திகையே இல்லாமல் மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள். 'வள்ளி திருமண'த்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்கையில், வசனத்தின் கடைசிச் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டுக்கான சுருதியைத் தொட்டுவிட, மிருதங்கம் உடனே வந்து சேர்ந்துகொள்ளும் அழகு வேறெந்த மேடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்துக் கொடுத்த அடித்தளம் அவ்வளவு உறுதியானது. 27 வயதிலேயே மறைந்த நாடக நடிகரும் பாடகருமான எஸ். ஜி. கிட்டப்பாவின் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கும் பாட்டோடு இணைந்த அந்த நடிப்பே காரணம். அடுத்த முறை பக்கவாத்தியக் கலைஞர்களையும் ரசிகர்களோடு உரையாடச் செய்யுமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.